மூன்று புள்ளிகள்

டோர்ஷவ்ன் துறைமுகம். இரவு பதினொன்று.
படகு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில்
கடன் கொடுத்தவன் மாதிரி காற்று ஜன்னலைத் தட்டுகிறது.
ரன்வா ஒரு கிளையை இன்னொன்றோடு இணைக்கிறாள்.

கணினியே வாசகம் எழுதித் தருகிறது:
'மூடுபனி' கிளை 'முதன்மை'யில் இணைக்கப்பட்டது.

இணைக்கப்பட்டது.
யாரால், எதற்கு, கேட்கக் கூடாது.
எழுவாய் எழுந்து வெளியே போய்விட்டது.

கீழே ஒரு பட்டியல்.
மாற்றங்கள் இருபத்து மூன்று என்கிறது,
இருபதைக் காட்டுகிறது,
பிறகு மூன்று புள்ளி.
இருபது போதும் என்று அந்த நிரலில் எழுதியவள் இவளேதான்,
போன வருஷம், மதியச் சாப்பாட்டுக்குப் போகிற அவசரத்தில்,
ரவுண்டாக இருக்கட்டுமே என்று.

சொற்கள் புணரும்போது நடப்பதுதான் இங்கேயும்.
பெரும்பாலும் இயல்பு, ஒன்றும் ஆவதில்லை.
சில இடத்தில் ஒரு வரி தோன்றும்,
சில இடத்தில் திரியும், சில இடத்தில் கெடும்.
நானூற்றுப் பதினாறாம் வரியில் மட்டும்
இலக்கணம் கையை விரித்துவிட்டது.

இடப்பக்கம் பார்த்து ஏழு அம்புமுனைகள்.
காத்திருப்பு = 7
நடுவே ஏழு சமக்குறிகள், வேலி போட்ட மாதிரி.
காத்திருப்பு = 12
வலப்பக்கம் பார்த்து மறுபடி ஏழு.

ஏழு நிமிடம் அவளுடையது. டீசல் மிச்சம்.
கூட்டத்தில் கைதட்டினார்கள்.
பன்னிரண்டு பைனிருடையது.
அவன் குழந்தை பிறந்த விடுப்பில் இருக்கிறான்.
இந்நேரம் கூப்பிட்டால் அந்த வீட்டில் இரண்டு பேர் அழுவார்கள்.

ஏழையே வைத்துவிட விரல் போனது.
போய், விசைக்கு மேலே நின்றது.
காட்டிய இருபதில் ஒன்றுகூட
பன்னிரண்டைப் பற்றி வாய் திறக்கவில்லை.

புள்ளிகளைப் பிரித்தாள்.
முதலாவதில் ஓர் எழுத்துப்பிழைத் திருத்தம்.
இரண்டாவதில் அதே பிழை, வேறு இடத்தில்.
மூன்றாவது, அக்டோபர், கிளை முளைத்த அன்றைக்கு:

"பனி நாளில் பன்னிரண்டு.
துரித் டயாலிசிஸ் முடிந்து ஏறும் பேருந்து
மலைப்பாதையில் ஊர்ந்துதான் வரும்.
போன வெள்ளி ஒன்பது நிமிடம் தாமதம்.
துறையில் நின்று
படகின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்."

ரன்வா நாற்காலியைக் கொஞ்சம் பின்னே தள்ளினாள்.
அவ்வளவுதான். திரும்ப இழுத்துக்கொண்டாள்.

கணினி எழுதியதை அவள் அழிக்கவில்லை,
அது பொய்யொன்றும் சொல்லவில்லையே.
அதன் கீழ் ஒரு வரி இடம் விட்டு:

"பனி இருந்தால் 12, இல்லாவிட்டால் 7.
எல்லா நாளும் ஏழு என்று வைத்தது நான்.
பேருந்தை விசாரிக்கவில்லை.
காரணம் பைனிரின் அக்டோபர் மாற்றத்தில். படிக்கவும்."

சேமித்தாள்.
பிறகு அந்த நிரலைத் திறந்து
இருபதை அழித்தாள்.
என்ன போடுவது?
முப்பது என்றால்
முப்பத்தொன்றாவதாக ஒருத்தி நிற்பாள்.

கர்சர் துடிக்கிறது.
கீழ்த்தளத்தில் யாரோ
காபி இயந்திரத்தை உதைக்கிறார்கள்.