பதினான்காம் வளைவு

ஒரு வாரமாய் விசிலடித்த வண்டி
ஏற்காட்டுப் பதினான்காம் வளைவில் முக்கி நின்றது.
எட்டு டன் சிமெண்ட். பிக்கப் இல்லை.
கேபினெல்லாம் கரிவாடை.

"டர்போ கேஸ்கட் போயிருச்சுங்க."
"மெதுவா ஏத்திப் பாரேன்" என்றார் ஓனர்
சூரமங்கலத்து ஏசியிலிருந்து.

சக்கரத்துக்குக் கல் வைத்தோம்.

கொண்டலாம்பட்டியிலிருந்து மொபெட்டில் வந்தார் சாதிக் பாஷா,
சட்டைப்பையில் புதுத் தகடு.
மூன்று போல்ட் சொன்னபடி கேட்டன.
நாலாவது
டீசல் குடித்து, சுத்தியலடி வாங்கி
ராத்திரி ஒன்பதுக்கு மனமிரங்கியது.

பழையதை டார்ச்சில் தூக்கிப் பார்த்தேன்.
நகக்கண் அளவு ஓட்டை.
ஒரு மலை ஏறும் பலம்
அதன் வழியாகவா ஒழுகிப்போனது?

கிளப்பினேன். விசில் இல்லை.
பதினைந்தாம் வளைவில்தான் கேட்டது
கிளீனர் மாதேசுவின் இருமல்.
எத்தனை நாளாடா?

"அது கத்துன நாள்லேருந்துண்ணே."