புகைச் சான்று

ஒசோர்னோவில் மூன்றாம் முறையும் தோற்றது
தொண்ணூற்று நான்காம் வருஷத்து பிக்கப்.
"ஹைட்ரோகார்பன் அதிகம்" என்று சீட்டை நீட்டியவனின்
தலைக்கு மேலே
ஊரே ஈர விறகு எரித்துக்கொண்டிருந்தது.

பிளக் மாற்றியாயிற்று. கன்வெர்ட்டரும் மாற்றியாயிற்று,
ஒரு கன்றுக்குட்டி வாங்கியிருக்கலாம் அந்தக் காசில்.
சிக்னலில் நின்றால் மட்டும்
எஞ்சின் எதையோ சொல்லவந்து விழுங்கும்.

ஓர்த்தென்சியா கத்ரிலேயோ ஸ்கேனரைத் தொடவில்லை.
சுருட்டைப் பற்றவைத்தாள்,
இன்டேக் குழாயில் வாய்வைத்து ஊதினாள்.
காத்திருந்தோம்.

வேக்குவம் ஹோஸின் அடிப்பக்கம்
நகக்கீறல் அளவு வெடிப்பு.
அதிலிருந்து நூலாய் எழுந்தது
புகை.

"எண்ணூறு பெசோ" என்றாள், இருமலுக்கு நடுவே.

மறுநாள் கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர்.
வீடு திரும்பி
கையுறையைக்கூடக் கழற்றாமல்
அடுப்புக்குள் தள்ளினேன்
இன்னும் காயாத ஒரு கட்டையை.