கோரிக்கை எண் நாற்பத்தொன்று

கருத்துக்கேட்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில்.
நேற்றைய முகூர்த்தத்தின் வாழைமரம்
இன்னும் வாசலில் சாய்ந்திருந்தது.
மேடைத் திரையில் ஒட்டிய தெர்மாகோல் எழுத்துகளில்
மாப்பிள்ளை பெயரின் கடைசி 'ன்' மட்டும் உரிபடாமல்
ஓசூர் வரைபடத்துக்கு மேலே தொங்கியது.

நான் குறிப்பெழுதுபவள்.
மாநகராட்சியில் ஒப்பந்த வேலை.
யார் எப்படிக் கத்தினாலும்
'எனத் தெரிவித்தார்' என்று முடித்துவைப்பேன்.

வரைபடத்தில் ஊர் அழகாக இருந்தது.
ஊதாக் கோடு மெட்ரோ.
அத்திப்பள்ளி எல்லையில் மட்டும்
கோடு புள்ளி புள்ளியாகிவிடும்,
அங்கே இரண்டு அரசுகள் பேசிக்கொண்டிருப்பதாக அர்த்தம்.
ஏரி நிஜத்தைவிட நீலம்.
பாகலூர் சாலை ஓரம் ஒரு பச்சைக் கட்டம்:
கலையரங்கம். எழுநூறு இருக்கை, நூலகம், குளிர்சாதனம்,
இருநூறு கார் நிறுத்த இடம்.

ரோஜாத் தோட்டத்து அல்தாப்
தூணின் நிழல் என் பசுமைக்குடில்மேல் விழுமா என்றார்.
'நிழல் எங்கள் வரையறையில் இல்லை'
என ஆலோசகர் தெரிவித்தார்.

நிலையத்தின் பெயர்ப்பலகையில்
எந்த மொழி மேலே என்று இருபது நிமிடம் சண்டை.
தமிழுக்காகப் பேசியவர் தெலுங்கில் திட்டினார்,
கன்னடத்துக்காகப் பேசியவர் தமிழில் திருப்பினார்.
இடையில் டீ வந்தது.
டீ மூன்று மொழியிலும் டீதான்.

அப்புறம் எழுந்தாள் முனிரத்னா.
செல்போன் கம்பெனிச் சீருடை,
தலைவலை அழுத்திய கோடு நெற்றியில்.
ஊர் பேரிகை.

"சார், நாடகம் எத்தனை மணிக்கு முடியும்?"

ஆலோசகர் சிரித்தார். "ஒரு ஒன்பதரை."

"எங்க ஊருக்குக் கடைசி பஸ் எட்டு ஐம்பது.
அப்ப முடிவு யாருக்கு சார்?"

மண்டபத்தின் மின்விசிறிகள்
அதுவரை இவ்வளவு சத்தம் போட்டதாக நினைவில்லை.

"தேர்த் திருவிழா அன்னிக்கி மலையடிவாரத்துல கச்சேரி,
பாதிப் பாட்டுல எழுந்து ஓடினேன்.
படம் போனா வில்லன் உயிரோட இருக்கும்போதே கிளம்பிருவேன்.
ஆறு வருஷமா எனக்குத் தெரிஞ்ச எந்த வில்லனும்
செத்ததில்ல சார்."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு மெட்ரோ கூட வேணாம்.
அந்த எழுநூறு சீட்டுல ஐம்பதைக் கழட்டி
பத்து மணிக்கு ஒரு பஸ்ஸுல மாட்டுங்க."

"அம்மா, அரங்கம் எங்களுது.
பஸ் வேற துறை."

"ஆளு ஒண்ணுதானே சார்."

பொறியாளர் ஒலிவாங்கியைக் கையால் மூடி
ஆணையரின் காதில் ஏதோ சொன்னார்.
ஆணையர் தலையசைத்தார்.
கோப்பு ஒன்று கை மாறியது, இன்னொன்று வந்தது.
பதில் தயாராகிக்கொண்டிருந்தது.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.
டிபன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.
நாற்காலி வரிசைக்குள்
ஒவ்வொரு முழங்காலிடமும் மன்னிப்புக் கேட்டபடி போனாள்.

பதில் விரிவாகவே இருந்தது.
'ஒருங்கிணைந்த' என்ற சொல் ஐந்து முறை வந்தது.
காலி நாற்காலியைப் பார்த்து
ஆலோசகர் நன்றியும் சொன்னார்.

'மனுதாரர் திருப்தியடைந்தார்னு போட்டுரும்மா'
என்றார் கண்காணிப்பாளர்.
நாற்பது கோரிக்கைக்கும் அப்படித்தான் போட்டிருந்தேன்.
நாற்பத்தொன்றில் என் பேனா நின்றது.
எழுதினேன்:
மனுதாரர் 8.35க்குக் கிளம்பினார்.
பதில் 8.40க்குத் தொடங்கியது.

அதில் 'எனத் தெரிவித்தார்' இல்லை.
தட்டச்சில் யாராவது வெட்டலாம்.
வெட்டுகிறவருக்காவது
ஒருமுறை படித்தாக வேண்டும்.

மறுநாள் பேருந்து நிலையத்தில்
நேரக் காப்பாளரைக் கேட்டேன்,
நேற்று பேரிகை வண்டியில்
கம்பெனிச் சீருடையில் ஒரு பெண் ஏறினாளா என்று.

"அதுவா, நேத்து எட்டு நாற்பதுக்கே எடுத்துட்டாங்கம்மா,"
என்றார் அவர் பேரேட்டிலிருந்து தலை நிமிராமல்,
"கூட்டம் இல்லைன்னு."