தலைக்கனம்

கோரிமேட்டில், மாடியறை.
பின் ஜன்னலில் சேர்வராயன் மலை,
பாதிக்கு மேல் மேகம்.

இரண்டு கண்ணாடிக்கு நடுவே
தலைமயிர் கனத்தில் ஓர் ஓடை.
அதன் தரையில் ஒட்டிக் கிடக்கின்றன
இரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்கள்,
காயப்போட்ட புழுங்கலரிசியாய்.

பம்ப்பைத் திருகினேன்.
முதல் பத்து நிமிடம் ஒன்றுமில்லை.
மாதையன் டீ வாங்கப் போயிருந்தான்.

பிறகு, பச்சையாய் ஒளிர்ந்த புரதங்கள்
ஒவ்வொரு செல்லின் தோலிலும்
நீர் போகும் பக்கமாய் ஒதுங்கத் தொடங்கின.
செல் நகரவில்லை.
அதன் தோல் எண்ணெய்ப் படலம்;
தன்மேல் நிற்பவரை அது பிடித்துவைப்பதில்லை.

தலை பெருத்தவை முன்னால் போயின.
நீரில் நீட்டி நிற்பதற்கு இழுப்பும் அதிகம்.
‘தலைக்கனம்’ என்று நோட்டில் எழுதி
அடித்துவிட்டேன். பேராசிரியர் பார்ப்பார்.
குட்டையானவை பின்தங்கின.
செல்லின் உள்ளே கம்பிகளில் கொக்கி மாட்டியவையோ
ஏற்காடு பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி
இருபதாவது வளைவிலும் தூங்குகிற
காப்பித் தோட்டத்து ஆட்கள் மாதிரி
அசையவே இல்லை.

மூன்றரைக்குக் கரண்ட் போனது.
பம்ப் நின்றது. நுண்ணோக்கியை மட்டும்
யூபிஎஸ் தாங்கியது.
ஓரத்துப் பச்சை மெல்லக் கலைந்து பரவியது.
“திரும்பி வருது பாருங்க” என்றான் மாதையன்.
இல்லை. எதற்கும் வீடு தெரியாது.
கால் போன போக்கில் எல்லாம் தள்ளாடி
தற்செயலாய்ச் சமமாகின்றன.
அவனுக்கு அது பிடிக்கவில்லை.
டீ ஆறிவிட்டது என்றான்.

ஆறு மணிக்கு டயாலிசிஸ் வார்டு.
சித்தேஸ்வரனின் இடது கையில்
தமனியையும் சிரையையும் தைத்து இணைத்த இடம்
தொட்டால் அதிரும்.
காதை வைத்தால், அம்மாப்பேட்டைச் சந்தில்
சாத்திய கதவுக்குப் பின் விசைத்தறி.

சிரைக்கு இத்தனை வெள்ளம் பழக்கமில்லை.
எட்டு மாதமாய் அதன் சுவரில்
எவை எவை ஓரம் ஒதுங்கியிருக்கும்?
எவை கொக்கி மாட்டிக்கொண்டன?

இரைச்சல் நின்றால்
ராத்திரியானாலும் ஓடி வந்துடுங்க என்று
நர்ஸ் முதல் நாளே சொல்லியிருந்தார்.
இங்கே மட்டும் எதுவும்
சமமாகிவிடக் கூடாது.

“என்ன, ஆராய்ச்சியா?”
“சும்மாதான்.”
கூசுகிறது என்று
கையை இழுத்துக்கொண்டான்.
காதில் இன்னும் ஓடியது தறி.