வரிசை நகரும்வரை

முதல் தடவையா? வெயில்ல நிக்காத, இப்படி வா.
நான் மார்சலின், பனைமரத்தொட்டி.
எனக்கு இது ஆறாவது கப்பல்.

ரூம் கீழ்த்தளத்துல, நடுவுல கிடைச்சிருக்கா?
புண்ணியம்.
மேல பால்கனி எடுத்தவங்க ராத்திரி
கட்டில் காலைப் பிடிச்சிக்கிட்டுத்தான் தூங்கணும்.
எலுமிச்சம்பழம் வச்சிருக்கியா? மோந்து பாரு, குடிக்காத.
மாத்திரையக் கைப்பையில வை.
பெட்டி ரூமுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆயிடும்.

முதல் நாள் தட்டு நிறைய அள்ளுவ,
எல்லாரும்தான்.
காசிமேட்டு இறால் தின்ன வாய்க்கு
அந்த இறால் ரப்பர்.
பருப்புப்பொடி என்கிட்ட இருக்கு.

அந்தா, தொப்பி போட்டவரு, எங்க வீட்டுக்காரர் அன்சலம்.
முப்பத்தோரு வருஷம் இந்தத் துறைமுகத்துலதான் கிரேன் ஓட்டினார்.
கொழும்புல ஊரே இறங்கிக் கடைக்குப் போகும்,
இந்த மனுஷன் மேல்தளத்துல நின்னு
அவங்க கிரேனுக்கு மார்க் போடுவார்.
நாப்பதுக்கு மேல யாருக்கும் போட்டதில்ல.
அதனால சொல்றேன்:
ஊர் சுத்தப் புருஷனுக்காகக் காத்திருக்காத.

இன்னொண்ணு.
கப்பல் நகர்ந்ததும் கூட்டம் டான்ஸ் பார்க்க ஓடும்.
நீ இடப்பக்கம் பின்னால வந்து நில்லு.
விசைப்படகு, ஐஸ் கம்பெனி, மாதா கோயில்,
அதுக்கும் பின்னால ஒரு மொட்டைமாடியில
சிவப்புப் போர்வை தொங்கும்.
காலையில நான்தான் போட்டுட்டு வந்தேன்.
வீடு எதுன்னு கடல்லருந்து தெரியணுமே.

மழை வந்தா எடுக்க ஆள் இல்ல.
நனையட்டும்.
காத்துக்குப் போகாது,
எட்டு கிளிப் போட்டிருக்கேன்.