ஒன்பது ரூபாய் மீதி

தரகு போக, வரி போக,
பதினோரு வருட வீட்டுவரிப் பாக்கி போகத்
திரையில் நின்றது
ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து
முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று.

தேவகோட்டை. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையின் மாடி.
பங்காளிகள் இருபத்தெட்டுப் பேர்,
பாதிப் பேர் கைபேசிக்குள்.
வகுத்தேன்.
தலைக்கு இருபத்தாறு லட்சத்து நாற்பதாயிரத்து
அறுநூற்று எண்பத்து மூன்று.
மீதி ஒன்பது.

"அந்த ஒன்பது யாருக்கு?"
கோடிகளுக்கு எழாத குரல் வைரவனுக்கு எழுந்தது.
ஒரு டீக்குக்கூடக் காணாத காசு.
ரங்கூனில் பிறந்த பேரனையும் சேர்க்கச் சொன்னது ஈப்போ.
இருபத்தொன்பது. மீதி எட்டு.
வழக்குப் போட்டவனை விட்டுவிடச் சொன்னது ஹூஸ்டன்.
இருபத்தேழு. மீதி பதினொன்று.

அப்போதுதான் எனக்குத் தட்டியது.
எம்.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு
'நான்கு எல்லைக்கு உட்பட்ட' என்று அடித்தே தேய்ந்த விரல்கள்
மேசைக்கடியில் கணக்குப் போட்டன.
மூன்றால் போகாது, இலக்கங்கள் கூடி முப்பத்தெட்டு.
ஏழுக்கு இரண்டு மிச்சம். பதினொன்றுக்கு நான்கு.
பதின்மூன்றுக்கு எட்டு.
முப்பத்தொன்பதுக்குள் பதின்மூன்று
மூன்று முறை உட்கார்ந்திருக்கிறது,
அதுவும் இரண்டு இடத்தில்;
இருந்தும் மொத்தம் மசியவில்லை.
எண்ணாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டுக்குள்
ஆயிரத்துச் சொச்சம் பகா எண்கள்;
ஒவ்வொன்றாக அனுப்பச் சொன்னேன் கணினியிடம்.
எல்லாம் ஏதோவொரு மிச்சத்தோடு திரும்பின.

பாகப்பிரிவினைக்கு வந்திருக்கிறது
ஒரு பகா எண்.

நான்கால் வகுத்தால் ஒன்று மிஞ்சும் சாதி இது.
இத்தனை ஆத்தங்குடிக் கல் இருந்தால்
இரண்டு சதுர முற்றங்களை
ஒரு கல்லும் உடைக்காமல் பாவி முடிக்கலாம்,
ஒரே ஒரு விதத்தில்.
இதை யாரிடம் சொல்ல.

மெய்யம்மை மட்டும் என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கோயில் கணக்கில் அரைப்புள்ளி,
பத்திரத்தில் முழுப் பங்கு.
"என்னம்மா, ஒத்து வரலையா?"
"பிரியாதுங்க."
"எதால?"
"எதாலயும்."
"அப்ப அதைப் போயி ஏன் பிரிக்கிறோம்"
என்றார், யாரிடமும் இல்லாமல்.

வாங்குகிறவருக்குப் பசி.
"பத்தொம்பது ரூபா நான் போடறேன், முடிங்க"
என்று இரண்டு பத்து ரூபாய்த் தாளை
மேசையில் வைத்தார்.
மூன்றால், நாலால், ஏழால், பதினாறால்
கேட்டவருக்கெல்லாம் பிரிந்தது புது எண்.
அதற்கு ஒரு கூச்சமும் இல்லை.

கடைசி மூன்று இலக்கத்தை அழித்து
நூற்று ஐம்பத்திரண்டு என்று அடித்தால் போதும்.
அழித்தேன். விரல் நிற்கவில்லை.

73939133
7393913
739391
73939
7393
739
73
7

ஒவ்வொரு தட்டலுக்கும் பார்த்தேன்.
எட்டும் பகா எண்கள்.
வலப்பக்கம் இன்னோர் இலக்கம் ஒட்டினால்,
எதை ஒட்டினாலும், உடைந்துவிடும்.
உரிக்க உரிக்கப் பிளவுபடாதவற்றில்
இதைவிடப் பெரியது கிடையாது,
தேடி முடித்துவிட்டார்கள்.

"கரண்டு போயிருச்சா?" என்றார் வைரவன்.
இல்லை என்றேன்.
ஏழுக்குப் பக்கத்தில் புது எண்ணை அடித்தேன்.
இருபத்தெட்டுக் கையெழுத்து,
சில பொது அதிகாரத்தின் பேரில்.

மேசையில் இருபது ரூபாய்.
திருப்பித் தர
ஒரு ரூபாய் சில்லறை
அந்த அறையில் யாரிடமும் இல்லை.