வடக்கு மூலை

வெயில் ஏறினால் கழற்ற வேண்டும்,
ஐப்பசி மழைக்கு முன்னே மாட்ட வேண்டும்.
ஜீப்பின் ஃபைபர் கூரைக்கு வருஷத்தில் இரண்டே வேலை.
ஆனால் நாலு மூலை, நாலு ஆள்.

ஒரு மூலை நான்.
இன்னொன்று பண்ணையில் தீவனம் அள்ளும் மாசாணி.
மூன்றாவதுக்கு யாராவது சிக்குவார்கள்,
கேஸ் போடும் பையன், பால் வண்டிக்காரர்.
நாலாவது எப்போதும் சென்னியப்பண்ணன்.
கூப்பிடவே வேண்டாம்.
போல்ட் கழலும் சத்தம் கேட்டால் போதும்,
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

போன தை மாதம் சுவரை அளந்தோம்.
அவர் டேப்பில் ஒரு கணக்கு,
என் டேப்பில் அதற்கு இரண்டு விரற்கடை வித்தியாசம்.
சர்வேயர் வந்தார், காபி குடித்தார்,
"பாத்துக்கலாமுங்க" என்று வண்டியெடுத்தார்.
அதோடு பேச்சு நின்றது.
பங்குனியில் கூரை ஜீப்பின் மேலேயே கிடந்து வெந்தது.
உள்ளே உட்கார்ந்தால்
குஞ்சு பொரிக்கும் பெட்டி.

யாரையும் கேட்காமல் தூக்கும் வழி
மூடிக் கிடந்த மூன்றாம் கொட்டகையில் இருந்தது.
பல்லடத்தில் பாதிப் பேருக்குத் தெரியும்:
ஒற்றைக் கைப்பிடியைச் சுற்றினால்
முந்நூறடித் தண்ணீர்க் குழாய்
கோழிகளின் தலைக்கு மேல் மொத்தமாய் எழும்பும்.
அந்த வின்ச்சைக் கழற்றி
மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டேன்.

கோழித் தராசை மாட்டி
முன்பக்கம் ஒருதரம், பின்பக்கம் ஒருதரம்.
முன்னே இருபத்தாறு, பின்னே முப்பத்தேழு.
கண்ணாடிக் கதவு பின்னால் இருக்கிறதே,
நட்டநடுவில் கட்டினால் குந்திவிடும்.
"அறுவத்தி மூணு" என்றாள் மாசாணி,
"ரெண்டேகால் கிலோக் கோழி இருவத்தெட்டுங்க்கா."
அதன் பிறகு எனக்கு அது கூரையாகத் தெரியவில்லை,
இருபத்தெட்டும் றெக்கையடித்தன.

உத்தரத்தின் ஒரு முனையைச் சுவர்மேல் உட்கார வைத்தால்
ஆயிரத்தைந்நூறு மிச்சம் என்றார் வெல்டர் அல்தாப்.
"அது செவுரு இல்லீங்க, கேஸு" என்றேன்.
சுவரைத் தொடாமல்
இரண்டு விரற்கடை தள்ளித் தனிக்கால் நட்டோம்.
நாலு கப்பி, நாலு கம்பிவடம்,
நாலையும் சேர்க்க ஒரு வளையம்.
மூலைகளுக்குப் பழைய டியூப்பை வெட்டித் தைத்த வார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.
டக். டக். டக்.
பல்லுக்குப் பல் நாக்கு விழ விழ
ரப்பர் பீடிங் முத்தம் பிரிகிற மாதிரி ஒரு சத்தம்,
கூரை பிரிந்தது.
ஒரு சாண். ஒரு முழம். ஓர் ஆள் உயரம்.
மாசாணி ஜீப்பை நியூட்ரலில் வெளியே தள்ளினாள்.
கூரை அங்கேயே நின்றது,
ஒற்றை ஆள், ஒற்றைக் கை.
யாராவது பார்த்தார்களா என்று சுவர்ப் பக்கம் திரும்பினேன்.
திரும்பினேன் என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவர் கொய்யாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.
தண்ணீர் அவர் காலிலேயே ஊற்றிக்கொண்டிருந்தது.
"வடக்கு மூலை ரெண்டு வெரக்கடை எறங்கி நிக்குது."
என்னிடம் சொல்லவில்லை, ஹோஸ் பைப்பிடம் சொன்னார்.
மூன்று மாதத்தில் முதல் பேச்சு.
"அதெல்லாம் நேராத்தேன் இருக்குது" என்றேன்
நானும் வின்ச்சைப் பார்த்து.

அவர் வீட்டு விளக்கு அணைந்த பிறகு
ஏணி போட்டு ரசமட்டம் வைத்தேன்.
குமிழி தெற்கே ஒதுங்கி நின்றது.
அளவில் அந்த மனுஷனுக்குக் கண் தப்பாது,
அதுதானே இத்தனை வம்பும்.
ஸ்பானரில் துணி சுற்றி, சத்தம் வராமல்,
வடத்தின் திருகைப் பதினான்கு சுற்று இறுக்கினேன்.
குமிழி நகர்ந்து நடுவுக்கு வந்தது.

ஐப்பசியில் கூரையை இறக்கி
நாலு மூலையும் போல்ட் முடுக்க வேண்டும்.
அதற்கு ஆளே தேவையில்லை இப்போது.
ஸ்பானரில் துணி சுற்றுவதா வேண்டாமா என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.